ஒரே தோற்றம், வெவ்வேறு இனம்: மலேரியாக் கொசுக்களை வகைப்படுத்துவது ஏன்?

ஈக்களும் கொசுக்களும் இருசிறகிப் பூச்சிகள் என்னும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. உலகில் 3,500-க்கும் மேற்பட்ட கொசு இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் அனோபிலஸ் பேரினத்தைச் சேர்ந்த பெண் கொசுக்களே மனிதருக்கு மலேரியாவைப் பரப்புகின்றன. அப்பேரினத்திலும் எல்லா இனங்களும் நோய் பரப்புவதில்லை. எனவே ஒரு பகுதியில் காணப்படும் கொசு எந்த இனம் என்று துல்லியமாக அறிவது நோய்த்தடுப்புப் பணியின் முதற்படியாகும்.

புதிய இனம் எவ்வாறு விவரிக்கப்படுகிறது?

ஒரு புதிய இனத்தை அறிவிக்கும் ஆய்வாளர் அதன் உடலமைப்பை விரிவாக எழுதி, இரு சொற்களால் ஆன அறிவியல் பெயரைச் சூட்டி, சான்றாக ஒரு மாதிரியை அருங்காட்சியகம் போன்ற நிறுவனத்தில் நிலையாகப் பாதுகாக்கச் செய்வார். பிற்காலத்தில் ஐயம் எழுந்தால் அம்மாதிரியே ஒப்பீட்டிற்கு உரியது. கொசுக்களில் இறக்கைப் புள்ளிகள், கால்களின் வளையங்கள், வாயருகே உள்ள உணர்நீட்சிகளின் பட்டைகள், முட்டை மற்றும் இளம்புழுவின் அமைப்பு ஆகியவை அடையாளங்களாகக் கொள்ளப்படுகின்றன. தென்னிந்தியாவின் முக்கிய மலேரியாக் கொசுக்களான அனோபிலஸ் கியூலிசிஃபேசிஸ், அனோபிலஸ் ஸ்டீபன்சி ஆகிய இரண்டும் 1901-ஆம் ஆண்டு இவ்வாறே விவரிக்கப்பட்டன.

கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு

உருப்பெருக்கியின் கீழும் வேறுபாடு காண இயலாத, ஆனால் தம்முள் இயல்பாக இனக்கலப்புச் செய்யாத இனங்கள் உண்டு. இவை உடன்பிறப்பு இனங்கள் எனப்படும். கியூலிசிஃபேசிஸ் என்பது ஒரே இனம் அன்று, அத்தகைய பல இனங்களின் தொகுதி என்பது 1980-இல் குரோமோசோம் ஆய்வின் வழியே தெரியவந்தது. முதலில் ஏ, பி என இரு இனங்களும், அடுத்து சி, டி என்பனவும் பிரித்தறியப்பட்டன. இவற்றுள் பி இனம் பெரும்பாலும் கால்நடைகளின் இரத்தத்தையே நாடுவதால், மலேரியாவைப் பரப்புவதில் அதன் பங்கு மிகக் குறைவு எனக் கொள்ளப்பட்டது.

இராமேசுவரம் தந்த விடை

இராமேசுவரம் தீவில் பிடிக்கப்பட்ட கியூலிசிஃபேசிஸ் கொசுக்கள் குரோமோசோம் பட்டை அமைப்பின்படி பி இனமாகவே தோன்றின. ஆயினும் அங்கு மலேரியா நீடித்தது. அக்கொசுக்கள் சிலவற்றில் நோய்க்கிருமியும் காணப்பட்டது. ஆய்வாளர்கள் பெண் கொசுக்களை முட்டையிடச் செய்து, அவற்றின் ஆண் சந்ததிகளின் ஒய் குரோமோசோமை ஆராய்ந்தபோது இருவகை வடிவங்கள் தென்பட்டன. நோய்க்கிருமி கொண்ட கொசுக்களின் வழித்தோன்றல்களில் ஒய் குரோமோசோம் வேறு வடிவில் இருந்தது. இக்கொசுக்கள் 1999-இல் இ இனம் எனப் புதிதாக அறிவிக்கப்பட்டன. இக்கண்டுபிடிப்பு இலங்கையின் நெடுநாள் புதிரையும் அவிழ்த்தது. அங்கு பி இனம் மட்டுமே உள்ளதாகக் கருதப்பட்டு வந்த நிலையில், இ இனமும் இருப்பது 2000-ஆம் ஆண்டில் தெரியவந்தது. இன்று மரபணுச் சோதனைகள் இவ்வினங்களைப் பிரித்தறிய உதவுகின்றன.

திருச்சிராப்பள்ளிக்கும் ஸ்ரீரங்கத்திற்கும் இது எவ்வாறு பொருந்தும்?

கியூலிசிஃபேசிஸ் தொகுதிக் கொசுக்கள் வெயில் படும் தூய நீர்க்குட்டைகள், வயல்கள், வாய்க்கால்கள், ஆற்று மணற்பள்ளங்கள் ஆகியவற்றில் முட்டையிடுகின்றன. 1934-35-இல் வறட்சியால் இலங்கையின் ஆறுகள் குட்டைகளாகச் சுருங்கியபோது இக்கொசுக்கள் பெருகின. அக்கொள்ளைநோயில் சுமார் 80,000 பேர் உயிரிழந்தனர். காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே அமைந்த தீவு ஸ்ரீரங்கம். நீர்வரத்துக் குறையும் மாதங்களில் இவ்வாறுகளின் மணற்படுகையில் தேங்கும் குட்டைகள் இத்தகைய கொசுக்களுக்கு ஏற்ற இடங்களே. எனவே வெள்ளம் வடிந்த பின்னரும் கண்காணிப்புத் தேவை.

நகர்ப்புறத்தில் நிலை வேறு. ஸ்டீபன்சி கொசு மேல்நிலை நீர்த்தொட்டி, கிணறு, கட்டுமானப் பணிக்குச் சேமித்த நீர் ஆகியவற்றில் வளரும். ஆற்றுக் குட்டைக்கு மருந்து தெளித்து வீட்டு மாடித் தொட்டியைத் திறந்து வைத்தால் பயனில்லை. இனம் மாறினால் தடுப்பு முறையும் மாற வேண்டும். இக்கொசு 2012-இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியிலும், 2016-இல் இலங்கையின் மன்னாரிலும் கண்டறியப்பட்டது.

பொதுமக்கள் செய்ய வேண்டியவை

• மேல்நிலைத் தொட்டி, கீழ்நிலைத் தொட்டி, கிணறு ஆகியவற்றைக் கொசு புகாதவாறு மூடி வைக்கவும். சேமித்த நீரை வாரம் ஒருமுறை முற்றிலும் வடித்துத் தேய்த்துக் கழுவவும்.
• அனோபிலஸ் கொசுக்கள் பெரும்பாலும் இரவில் கடிப்பதால் கொசு வலைக்குள் உறங்கவும்.
• கொசு ஒழிப்புப் பணியாளர்கள் கொசுக்களையும் இளம்புழுக்களையும் சேகரிக்க வரும்போது ஒத்துழைக்கவும். எந்த இனம் உள்ளது என்பது அம்மாதிரிகளாலேயே தெரியும்.
• குளிர், நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தால் தாமதமின்றி அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தத் தடவல் பரிசோதனை செய்துகொள்ளவும். பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.
• வெளியூர், வெளிநாடு சென்று திரும்பியவர்கள் அப்பயணத்தை மருத்துவரிடம் தவறாது கூறவும்.
• மருத்துவர் தரும் மாத்திரைகளை முழு நாட்களுக்கும் உட்கொள்ளவும். வைவாக்ஸ் வகை மலேரியாவில் கல்லீரலில் தங்கும் கிருமியை அழிக்க 14 நாள் சிகிச்சை தேவை. கருவுற்ற பெண்களுக்குச் சிகிச்சை முறை வேறுபடும். எனவே எவரும் தாமாக மருந்து வாங்கி உண்ணலாகாது.

2030-க்குள் மலேரியாவை ஒழிப்பது நாட்டின் இலக்கு. எந்தக் கொசு, எங்கே வளர்கிறது, எப்போது கடிக்கிறது என்பதை அறிந்து செயற்பட்டால் அவ்விலக்கை எட்டுவது எளிதாகும்.