“நம்ம ஊர்ல எப்படி?”: ஒரு பி.ஜி. தீசிஸின் வரலாறு

1/ எம்.டி., எம்.எஸ். படிக்கிற யாரையாவது கேட்டுப் பாருங்க. வாரம் ஒரு செமினார், வாரம் ஒரு ஜர்னல் கிளப், அது போக மூணு வருஷத்துக்குள்ள ஒரு தீசிஸ். நைட் டூட்டி முடிச்சிட்டு வந்து கடைசி பெஞ்சுல தூங்க இதைவிட நல்ல இடம் கிடையாதுன்னு சொல்வாங்க. ஆனா இந்தியாவோட பொது சுகாதார வரலாற்றைத் திருப்பிப் போட்டது அப்படி ஒரு பி.ஜி. தீசிஸ்தான். அதோட ரிசல்ட் வந்த இடம் நம்ம வேலூர். கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா வாங்க.

2/ மருத்துவர் அல்லாத நண்பர்களுக்காக: செமினார்னா ஒரு தலைப்பை எடுத்து ஒரு மாணவர் பேசணும், மத்தவங்க கேள்வி கேட்கணும். ஜர்னல் கிளப்னா புதுசா வந்த ஒரு ஆய்வுக் கட்டுரையை எடுத்துப் பிரிச்சு மேயணும். தீசிஸ்னா நாமே ஒரு கேள்வியை எடுத்து, நோயாளிகளைப் பார்த்து, விடை தேடி எழுதிக் கொடுக்கணும். இது இல்லாம பட்டம் கிடையாது.

3/ இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? 1834-ல ஜெர்மானியப் பல்கலைக்கழகமான கோனிக்ஸ்பெர்க்ல ஃபிரான்ஸ் நாய்மன், யாக்கோபி ரெண்டு பேரும் சேர்ந்து கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் ஒரு செமினார் ஆரம்பிச்சாங்க. அங்கே ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டு மட்டும் போக முடியாது. மாணவனே கணக்கைப் போடணும், கருவியை வச்சு அளக்கணும், தன்னோட அளவுல எவ்வளவு பிழை இருக்கும்னும் சொல்லணும்.

4/ மருத்துவத்துல கதை இன்னும் சுவாரசியம். 1835-க்குப் பிறகு லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனை மாணவர்கள், கேட்டுக்குப் பக்கத்துல ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த சின்ன அறையில உட்கார்ந்து ஜர்னல் படிச்சதா ஜேம்ஸ் பேஜட் எழுதி வச்சிருக்கார். 1875-ல கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்துல வில்லியம் ஆஸ்லர் ஒரு ஜர்னல் கிளப் தொடங்கினார். காரணம் ரொம்ப எளிமை. வெளிநாட்டு ஜர்னல்களைத் தனி ஆளா வாங்க அவர்கிட்ட காசு இல்லை. நாலு பேர் பங்கு போட்டு வாங்கிப் படிச்சாங்க.

5/ 1889-ல அவர் அதையே அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குக் கொண்டு போனார். அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவுச்சு. இன்னிக்கு நம்ம கல்லூரி நோட்டீஸ் போர்டுல தொங்குற அட்டவணை அதோட பேரப்பிள்ளை. ஆனா ஒரு விஷயம் கவனிக்கணும். அங்கே எழுதின ஜர்னலை இங்கே உட்கார்ந்து படிக்கிறப்போ கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒண்ணு இருக்கு: “சரி, நம்ம ஊர்ல எப்படி?” அந்தக் கேள்வியைக் கேட்ட ரெண்டு பேரோட கதைதான் இது.

6/ முதல் ஆள் வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான். குழந்தை மருத்துவர், வைராலஜிஸ்ட். போலியோ சொட்டு மருந்து மூணு தவணை போட்டா போதும்னு மேல்நாட்டுப் புத்தகம் சொல்லுது. மூணு தவணையும் போட்ட குழந்தைகள் இங்கே கால் சூம்பி வர்றாங்க. “அம்மா சரியா போட்டிருக்க மாட்டாங்க”ன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். அவர் குழந்தைகளோட ரத்தத்தை எடுத்து எதிர்ப்பு சக்தி உண்டாகியிருக்கான்னு அளந்து பார்த்தார்.

7/ 1972-ல கட்டுரை வெளிவந்தது. நம்ம பகுதிக் குழந்தைகள்கிட்ட சொட்டு மருந்து மேல்நாடு மாதிரி வேலை செய்யல, கூடுதல் தவணை வேணும் என்பதுதான் சாரம். ஒரே நேரத்துல எல்லாக் குழந்தைக்கும் போடுற “பல்ஸ்” முறையை நாடு முழுக்க 1995-ல பார்த்தோமே, அது அதுக்கு முன்னாடியே வேலூர்ல முயற்சி செஞ்சு பார்த்தது. இந்தியாவின் கடைசி இயற்கை போலியோ நோயாளி 2011 ஜனவரி 13-ல ஹவுராவுல. 2014 மார்ச் 27-ல நமக்குப் போலியோ இல்லைன்னு சான்றிதழ்.

8/ போலியோ பத்தி ஏன் இவ்வளவு சொன்னேன்னா, இந்த மாதிரிக் கேள்விகளைத் துரத்தித்தான் சி.எம்.சி.யில ஒரு நல்ல வைராலஜி ஆய்வகம் வளர்ந்திருந்தது. அடுத்த கதைக்கு அந்த ஆய்வகம் வேணும்.

9/ 1981 ஜூன் 5. அமெரிக்காவின் சி.டி.சி. வாராந்திர அறிக்கையில, லாஸ் ஏஞ்சலஸ்ல 5 இளைஞர்களுக்கு அபூர்வமான நிமோனியான்னு ஒரு சின்னக் குறிப்பு. எய்ட்ஸ் பத்தி உலகம் படிச்ச முதல் மருத்துவக் குறிப்பு அதுதான். 1983-ல பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்துல வைரஸைக் கண்டுபிடிச்சாங்க. 1985 மார்ச்ல அமெரிக்காவுல ரத்தப் பரிசோதனைக்கு அனுமதி.

10/ இதையெல்லாம் சென்னை மருத்துவக் கல்லூரியில நுண்ணுயிரியல் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன் தொடர்ந்து படிச்சிட்டு வந்தாங்க. அப்போ நாட்டுல பொதுவான பேச்சு என்ன? “அது மேல்நாட்டு நோய். நம்ம பண்பாட்டுக்கு அதெல்லாம் வராது.” மும்பையில எடுத்த நூத்துக்கணக்கான மாதிரிகளும் நெகட்டிவ். மும்பையிலேயே இல்லைன்னா மெட்ராஸ்ல எங்கே இருக்கப் போகுது?

11/ 1985 கடைசி. சுனிதி சாலமன்கிட்ட தீசிஸ் தலைப்பு கேட்டு வந்த எம்.டி. மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலா. வயசு 32. சின்ன கிராமத்துல வளர்ந்தவங்க, ரெண்டு குழந்தைகளுக்கு அம்மா. “நோய்த்தொற்று ஆபத்து அதிகமா உள்ள 200 பேரோட ரத்தத்தைச் சோதிச்சுப் பாரு”ன்னு மேடம் சொல்றாங்க. “எல்லாம் நெகட்டிவாத்தான் வரும் மேடம்”னு நிர்மலா தயங்குறாங்க. மேடம் விடல.

12/ மும்பை மாதிரி பாலியல் தொழிலுக்குன்னு தெரிஞ்ச ஒரு தெரு சென்னையில கிடையாது. பால்வினை நோய் சிகிச்சைக்கு அரசுப் பொது மருத்துவமனைக்கு வர்ற பெண்கள்கிட்ட பேச்சுக் கொடுத்து, அவங்க மூலமா அரசுக் காப்பகம் பத்தித் தெரிஞ்சுக்கிறாங்க. நீதிமன்றம் அனுப்பி வைக்கிற பெண்கள் இருக்கிற இடம். பஸ் காசு மிச்சம்னு கணவர் தினமும் ஸ்கூட்டர்ல கொண்டு போய் விடுவார். மூணு மாசத்துல 80 மாதிரி சேர்ந்தது. கையுறை கிடையாது. பாதுகாப்புக் கவசம் கிடையாது.

13/ சீரம் பிரிக்க ஒரு சின்ன தற்காலிக லேப், அதுக்குச் சுனிதி மேடமும் இதய அறுவை மருத்துவரான அவங்க கணவரும் உதவினாங்க. பிரிச்ச சீரத்தை வைக்க இடம்? நிர்மலா வீட்டு ஃப்ரிட்ஜ்! இட்லி மாவு இருக்கிற ஃப்ரிட்ஜ்ல எச்.ஐ.வி. மாதிரி. இன்னிக்கு நினைச்சாலே உடம்பு சிலிர்க்குது. அப்போ அதுதான் வசதி.

14/ எலைசா பரிசோதனை சென்னையில அப்போ செய்ய முடியல. அதனால மேடம் வேலூர் சி.எம்.சி.கிட்ட பேசி ஏற்பாடு செய்யறாங்க. 1986 பிப்ரவரி. நிர்மலாவும் கணவரும் ராத்திரி ரயில் ஏறி காட்பாடியில இறங்குறாங்க. அங்கிருந்து ஆட்டோ. வைராலஜி தலைவர் ஜேக்கப் ஜான், டாக்டர் ஜார்ஜ் பாபு, டாக்டர் எரிக் சைமோஸ் ரெண்டு பேரையும் உதவிக்குக் கொடுக்கிறார்.

15/ எலைசா எப்படி வேலை செய்யும்? சின்னச் சின்ன குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு. குழியோட அடியில வைரஸின் புரதம் பூசியிருக்கும். சீரத்தை ஊத்தினா, அதுல அந்த வைரஸுக்கான எதிர்ப்புப் பொருள் இருந்தா போய் ஒட்டிக்கும். கடைசியா ஊத்துற நிறப்பொருள், ஒட்டின இடத்துல மட்டும் நிறம் மாறும். நிறம் மாறலைன்னா அந்த எதிர்ப்புப் பொருள் இல்லைன்னு அர்த்தம்.

16/ காலை எட்டரைக்கு வேலை ஆரம்பம். மதியம் கரண்ட் கட். எல்லாரும் டீ குடிக்கப் போறாங்க. திரும்பி முதல்ல உள்ளே வந்தது ஜார்ஜ் பாபுவும் நிர்மலாவும். மூடியைத் திறந்த ஜார்ஜ் பாபு சட்டுனு மூடிட்டார். ஆனா நிர்மலா பார்த்துட்டாங்க. ஆறு குழி மஞ்சள்.

17/ பின்னாலேயே வந்த சைமோஸ் பார்த்துட்டு ஜேக்கப் ஜான் அறைக்கு ஓடுறார். அவர் வந்து பார்த்துட்டுக் கேட்ட முதல் கேள்வி, “இந்த மாதிரிகளை எங்கே எடுத்தீங்க?” யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு உத்தரவு. சென்னைக்குப் போய் அந்த ஆறு பெண்களிடமும் மறுபடி ரத்தம் எடுத்து, அமெரிக்காவுக்கு அனுப்பி வெஸ்டர்ன் பிளாட் செஞ்சாங்க. உறுதியாச்சு. எச்.ஐ.வி. இந்தியாவுக்கு வந்தாச்சு.

18/ 1986 மே மாசம் சட்டமன்றத்துல சுகாதார அமைச்சர் டாக்டர் எச்.வி.ஹண்டே அறிவிச்சார். சுனிதி மேடமும் நிர்மலாவும் பார்வையாளர் வரிசையில இருந்தாங்க. நாடு உடனே நம்பிடல. பரிசோதனையே தப்புன்னாங்க. மகாராஷ்டிரத்துல இருந்து வந்த சுனிதி மேடத்தைப் பார்த்து, வெளியூர்க்காரம்மா தமிழ்நாட்டுக்குக் கெட்ட பேர் வாங்கித் தர்றாங்கன்னுகூட பேசினாங்க.

19/ ஆனா அந்த ஆறு மஞ்சள் குழிக்குப் பிறகு “நம்ம ஊர்ல இல்லை”ன்னு யாரும் சொல்ல முடியல. ஊர் ஊரா கண்காணிப்பு தொடங்குச்சு. 1989-ல ரத்த வங்கிகள்ல எச்.ஐ.வி. சோதனை கட்டாயம். 1992-ல தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு. 1993-ல சுனிதி மேடமே ஒய்.ஆர்.ஜி. கேர் தொடங்கினாங்க. இன்னிக்கு ஒரு பிரசவத்துக்கு நாம கவலைப்படாம ரத்தம் ஏத்துறோம்னா, அதுக்குப் பின்னால இந்தத் தீசிஸ் இருக்கு.

20/ நிர்மலா என்ன ஆனாங்க? திரும்பிப் போய் மிச்ச வேலையை முடிச்சாங்க. 1987 மார்ச்ல “தமிழ்நாட்டில் எய்ட்ஸ் கண்காணிப்பு”ன்னு தீசிஸ் சமர்ப்பிச்சு, பாஸ் ஆகி, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல வேலைக்குச் சேர்ந்து, 2010-ல ஓய்வு. அவ்வளவுதான். சுனிதி மேடம் 2015-ல காலமானாங்க, 2017-ல பத்மஸ்ரீ. நிர்மலா பேரை ரொம்ப வருஷம் யாருக்கும் தெரியாது.

21/ ஆனா இந்தக் கதையில பேரே தெரியாத ஆறு பேர் இருக்காங்க. அந்தப் பெண்கள். அதுல ஒருத்தி 13 வயசுச் சிறுமி, கடத்திட்டு வரப்பட்டவள்னு சுனிதி மேடம் பின்னாடி பேட்டிகள்ல சொல்லியிருக்காங்க. எதுக்காக ரத்தம் எடுக்கிறோம்னு அந்தப் பெண்களிடம் சொல்லவே இல்லை. அடைச்சு வச்சிருக்கிற இடத்துல, “வேண்டாம்”னு சொல்ல வழியில்லாத பெண்கள்கிட்ட எடுத்தது.

22/ நிர்மலாவைக் குறை சொல்றதுக்காக இதை எழுதல. அந்தக் காலத்து நடைமுறை அதுதான். ஆனா இதை விட்டுட்டுக் கதை சொன்னா அது பாதிக் கதை. எச்.ஐ.வி.க்கு அன்னிக்கு மருந்தும் கிடையாது. நாட்டுக்கு எச்சரிக்கை கிடைச்சது. அந்த ஆறு பேருக்கு என்ன கிடைச்சது? எந்த ஜர்னல் கிளப்ல இந்தக் கதை வந்தாலும் இந்தக் கேள்வியையும் கேட்டே ஆகணும்.

23/ இப்போ பி.ஜி.க்களுக்கு ஆய்வு முறை படிப்பும் கட்டாயம், ஆய்வு நெறிமுறைப் படிப்பும் கட்டாயம். ஆய்வு முறைப் படிப்பைச் சென்னையில இருக்கிற ஐ.சி.எம்.ஆர். தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் ஆன்லைன்ல நடத்துது. எத்திக்ஸ் கமிட்டி கையெழுத்து இல்லாம ஒரு சொட்டு ரத்தம் எடுக்க முடியாது. “எதுக்குடா இந்த ஒர்க்‌ஷாப், சர்டிஃபிகேட்டுக்குத்தானே”ன்னு சலிச்சுக்கிற தம்பி தங்கைகளே, அந்தக் காப்பகத்துல கை நீட்டின பெண்களுக்கு நாம பட்ட கடன் அது.

24/ இன்னொரு பக்கமும் உண்மை. கையில எலைசா இல்லை, காசு இல்லை, குளிர்பெட்டி இல்லை, ஆனா கேள்வி இருந்தது அன்னிக்கு. இன்னிக்கு எல்லாம் இருக்கு. செமினார்ல போன வருஷ சீனியரோட ஸ்லைடு ஓடுது. தீசிஸ் தலைப்பும் சீனியரோடதுதான், ஊர்ப் பேர் மட்டும் மாறியிருக்கும். அட்டவணை அப்படியே இருக்கு, ஆஸ்லர் பங்கு போட்டு வாங்கின ஆர்வம் மட்டும் எங்கேயோ போயிடுச்சு.

25/ கேள்வி தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் ஓ.பி. பார்க்கிற எங்களைக் கேளுங்க. தோல் பதனிடுற தொழிலாளியோட கையில வர்ற புண், இழுப்பு, முதுகு வலி எல்லாம் “அலர்ஜி”ன்னு ஒரே மாத்திரையில முடிஞ்சு போகுது. 2015 ஜனவரி 31-ல ராணிப்பேட்டை சிப்காட்ல கழிவுத் தொட்டி சுவர் இடிஞ்சு 10 பேர் செத்தாங்க. அது செய்தி ஆச்சு. மெதுவா வர்ற நோய் செய்தி ஆகாது. அதை யாராவது எண்ணினாத்தான் தெரியும்.

26/ பதனிடப் பயன்படுற குரோமியம் வேற, குரோமேட் ஆலைக் கழிவுல கிடக்கிற ஆறு இணைதிறன் குரோமியம் வேற. ரெண்டாவதுதான் புற்றுநோய் உண்டாக்குறது. எந்தக் கிணத்துல எது இருக்கு, அந்தத் தண்ணி குடிச்சவங்க உடம்புல என்ன ஆச்சு? இது ஒரு தீசிஸ் இல்லை, பத்து தீசிஸ். வெளியூர் ஜர்னல்ல விடை இருக்காது. நம்ம ஊர்லதான் தேடணும்.

27/ அடுத்த வாரம் உங்க டிபார்ட்மென்ட்ல செமினார் முடிஞ்சு, “எனி கொஸ்டின்ஸ்?”னு கேட்டதும் எல்லாரும் செல்போனைப் பார்ப்பாங்க இல்லையா? அப்போ கையைத் தூக்கி ஒண்ணே ஒண்ணு கேளுங்க: “நம்ம ஊர்ல எப்படி சார்?” பதில் தெரியலைன்னு சார் சொன்னா, சந்தோஷப்படுங்க. உங்க தீசிஸ் தலைப்பு கிடைச்சாச்சு.

பி.ஜி. படிக்கிற நண்பர்கள் இருந்தா பகிருங்க.