கதிருக்குத் துணைபோன மருந்து

எலிகளின் கல்லீரலில் வளரும் கட்டி, பக்கத்திலுள்ள நல்ல திசுவைவிட அதிகமாக யுராசிலை எடுத்துக்கொள்கிறது என்று 1954-இல் தெரியவந்தது. ஆர்.என்.ஏ. உண்டாவதற்கு வேண்டிய மூலப்பொருள்களில் ஒன்று யுராசில். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இருந்த சார்லஸ் ஹைடெல்பெர்கர் அந்தப் பசியைப் பிடித்துக்கொண்டார். யுராசிலின் ஐந்தாம் இடத்திலுள்ள ஹைட்ரஜனை எடுத்துவிட்டு அங்கே ஃப்ளூரினை வைத்தால் செல்லுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் உள்ளே போனதும் டி.என்.ஏ.வுக்கு வேண்டிய தைமின் தயாராவதை அது முடக்கிவிடும். 1957-இல் உலகத்துக்கு அறிமுகமான அந்த மருந்துதான் 5-ஃப்ளூரோயுராசில், மருத்துவமனைகளில் சுருக்கமாக 5-எஃப்.யூ.

மறு ஆண்டே அதே குழு, எலிக் கட்டிகளில் மருந்தையும் கதிர்வீச்சையும் சேர்த்துக் கொடுத்தால் பலன் கூடுவதைக் காட்டியது. கதிர் டி.என்.ஏ.வை உடைக்கிறது, செல் அதைப் பழுதுபார்க்கப் பார்க்கிறது, பழுதுபார்க்கத் தைமின் வேண்டும், அதை மருந்து தடுத்துவிடுகிறது.

டெட்ராய்ட்டில் நார்மன் நிக்ரோ, ஆசனவாய்ப் புற்றுநோய் கண்ட மூன்று பேருக்கு அறுவைக்கு முன் 5-எஃப்.யூ., மைட்டோமைசின் என்ற இன்னொரு மருந்து, கதிர் மூன்றையும் கொடுத்து 1974-இல் எழுதினார். இருவருக்கு அறுவை செய்து பார்த்தபோது கட்டி மிஞ்சியிருக்கவில்லை. மூன்றாமவர் அறுவைக்கே சம்மதிக்கவில்லை. அவருக்கும் கட்டி மறைந்திருந்தது.

சற்று மேலே உள்ள மலக்குடலில் கதை மெதுவாகத்தான் நகர்ந்தது. லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் 1908-இல் விவரித்த அறுவை, ஆசனவாயையும் சேர்த்து எடுத்துவிடும். பிழைத்தவருக்கு வயிற்றில் துளை, ஆயுள் முழுக்க மலப் பை. 1990-இல்கூட அமெரிக்க வல்லுநர் குழு மருந்தையும் கதிரையும் அறுவைக்குப் பிறகு கொடுக்கத்தான் பரிந்துரைத்தது. ஆனால் அறுவைக்குப் பின் இடுப்புக்குழிக்குள் சிறுகுடல் இறங்கிவிடும்; கதிர் அதன்மேல் விழும். தழும்புத் திசுவில் ரத்த ஓட்டம் குறைவு. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் கதிர் அவ்வளவாக வேலை செய்யாது.

வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்பதை ஜெர்மனியில் ரோல்ஃப் சாவரின் குழு 823 பேரிடம் சோதித்து 2004-இல் வெளியிட்டது. 28 தவணைகளில் 50.4 கிரே கதிர். முதல் வாரமும் ஐந்தாம் வாரமும் ஐந்து நாள் இரவுபகலாக ரத்தக்குழாயில் 5-எஃப்.யூ.; ஆறு வாரம் கழித்து அறுவை. ஐந்தாண்டில் இடுப்பில் நோய் திரும்பியவர்கள் 6 சதவீதம். பின்னால் சிகிச்சை பெற்றவர்களில் 13. கடும் பக்கவிளைவு 40 சதவீதத்திலிருந்து 27 ஆனது. பை தவிர்க்க முடியாது என்று முன்பே முடிவுகட்டப்பட்டவர்களில் ஆசனவாய் தப்பியவர்கள் 19 சதவீதத்திலிருந்து 39 ஆனார்கள்.

ஆயுள் மட்டும் கூடவில்லை. அதைச் சொல்லி இந்த முடிவைச் சிறிதாக்குவதை என்னால் ஏற்க முடியாது. இடுப்பில் திரும்பும் கட்டி நரம்புகளை அழுத்தித் தரும் வலி மாதக்கணக்கில் உட்காரவிடாது. அந்த வலியிலிருந்து தப்பிப்பதும் பிழைப்புதான்.

பிறகு மருந்து மாத்திரையானது. கேப்சிடபைன் என்ற அந்த மாத்திரை உடலுக்குள் போய், பெருமளவு கட்டியிலேயே 5-எஃப்.யூ.வாக மாறும். கதிர் கொடுக்கும் வாரங்களில் காலையும் இரவும் சாப்பிட்ட அரைமணிக்குள் விழுங்கவேண்டும்; ஊசி மருந்துக்காகப் படுக்கையில் கிடக்க வேண்டாம். ஆனால் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து உரியக்கூடும். செருப்பு போடமுடியவில்லை என்றால் தாங்கிக்கொள்ளாமல் உடனே மருத்துவரிடம் சொல்லவேண்டும்.

சாவ் பாலோவில் ஆஞ்சலிட்டா ஹாப்ர்-காமா இன்னொரு படி போனார். கதிரும் மருந்தும் முடிந்தபின் கட்டியின் சுவடே தெரியாத நோயாளிகளை உடனே அறுக்காமல் கவனித்து வந்தார். 265 பேரில் 71 பேர் அப்படி இருந்ததாக 2004-இல் எழுதினார். அன்று அது பலருக்கு அபாயமாகத் தோன்றியது. இன்று கடுமையான கண்காணிப்போடு, தேர்ந்த மையங்களில் அது நடைமுறை: சில மாதங்களுக்கு ஒருமுறை விரல் பரிசோதனை, குழாய்ப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ.

2023-இல் வந்த ப்ராஸ்பெக்ட் ஆய்வில் மருந்து தன் பழைய துணையை விட்டே நடந்தது. ஆசனவாயைக் காப்பாற்ற வாய்ப்புள்ள, ஓரளவு முற்றிய கட்டிகளுக்கு ஆக்ஸாலிப்ளாட்டின் என்ற மருந்தோடு 5-எஃப்.யூ.வைக் கதிரில்லாமல் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டி போதிய அளவு சுருங்காதவர்களுக்கே அறுவைக்கு முன் கதிர். ஐந்தாண்டு நோயற்ற வாழ்வில் இரு வழிகளும் ஏறக்குறைய சமம். இடுப்பில் கதிர் பட்டால் சினைப்பை பாதிக்கப்படும், மாதவிடாய் நின்றுபோகும். இளம் வயதில் இந்நோய் வரும் பெண்கள் இனி முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் இந்த வழியைப் பற்றிக் கேட்கலாம்.