முதியோர் புற்றுநோய் அறுவையில் இரத்தக் குறியீடுகள்

முதிய புற்றுநோயாளிக்கு அறுவைக்குப் பின் சிக்கல் வரும் வாய்ப்பையும், அவர் தேறும் விதத்தையும் முன்கூட்டிக் கணிக்க உதவும் இரத்த அளவீடுகள். புற்றுநோய் இருக்கிறதா என்பதை இவை காட்டுவதில்லை. அறுவையைத் தாங்கும் வலு உடலில் எவ்வளவு என்பதையே காட்டுகின்றன. 70 வயதைக் கடந்த இருவரிடம் இந்த வலு பெரிதும் வேறுபடலாம்.

முக்கிய அளவீடுகள்: ஹீமோகுளோபின், இரத்தப் புரதமான அல்புமின், அழற்சியில் உயரும் சி.ஆர்.பி., வெள்ளணு வகைகளான நியூட்ரோஃபில்–லிம்போசைட் விகிதம். வழக்கமான இரத்தப் பரிசோதனையிலிருந்தே இவற்றில் பெரும்பாலானவை கிடைத்துவிடும்.

ஊட்டக் குறியீடு: ஜப்பானில் ஒனோடெரா குழுவினர் 1984இல், இரைப்பை–குடல் அறுவைக்காக வெளியிட்டது. அல்புமினை (கிராம்/டெசிலிட்டர்) 10ஆல் பெருக்கி, ஒரு கன மில்லிமீட்டரிலுள்ள லிம்போசைட் எண்ணிக்கையை 0.005ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். அல்புமின் 3.2, லிம்போசைட் 1,400 என்றால் 32 + 7 = 39. 40க்குக் கீழே வந்தால் ஆபத்து அதிகம் என்பது அவர்கள் வகுத்த எல்லை.

கிளாஸ்கோ மதிப்பெண் (திருத்திய வடிவம்): சி.ஆர்.பி. லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் 1, அதோடு அல்புமினும் 35 கிராமுக்குக் குறைந்தால் 2, மற்றபடி 0.

வரம்புகள்: தொற்று, கல்லீரல் நோய், ஸ்டீராய்டு மருந்து ஆகியவை இந்த எண்களை மாற்றிவிடும். எனவே நடை, நினைவாற்றல், எடைக்குறைவு, பிற நோய்கள் ஆகியவற்றோடு சேர்த்தே மருத்துவர் முடிவெடுப்பார். மதிப்பு மோசமாக இருந்தால் அறுவையைக் கைவிட வேண்டும் என்பதில்லை. இரத்தசோகையையும் ஊட்டக்குறைவையும் சரிசெய்து ஆயத்தப்படுத்தலாம்.