பத்துப் பிள்ளைகள், பதினைந்து கையெழுத்துகள்

போன வருடம் வீடு மாறியபோது அம்மாவின் அலமாரியில் ஒரு 555 நோட்டு கிடைத்தது. மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அதே சின்னப் புத்தகம். முன்பாதி முழுக்க அரிசி, சீனி, கேஸ் கணக்கு. நடுவில் ஒரு பக்கத்தில் மட்டும் 1 முதல் 15 வரை எண் போட்டு வரிசையாகப் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வீட்டு எண், பிள்ளை படிக்கும் ஆண்டு, ஒரு கையெழுத்து. நான்காவது வரியில் என் பெயர் இருந்தது.

"என்னம்மா இது?" என்றேன்.

"நீ தமிழ் படிச்ச கணக்கு" என்றார்.

நான் தமிழ்ப்பள்ளியில் படித்தவன் இல்லை. 2004இல் எங்கள் தாமானுக்குப் பக்கத்திலிருந்த தேசியப் பள்ளியில்தான் ஆண்டு ஒன்று சேர்ந்தேன். வகுப்பில் மலாய்க்காரர், சீனர், இந்தியர், ஒரு பஞ்சாபி, இந்தோனேசியத் தாயின் பிள்ளைகள் என்று எல்லோரும் இருந்தோம். அங்கே வாரம் இரண்டு மணி நேரம் நடந்த தமிழ் வகுப்புதான் நான் இந்தக் கட்டுரையை எழுதவே காரணம். அதைப் பள்ளி நடத்தியது என்றுதான் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகுதான், பதினைந்து என்ற எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

மலாயாவில் தமிழ்க் கல்வியின் தொடக்கமாக நாம் சொல்வது 1816. அந்த ஆண்டு அக்டோபரில் ஹட்சிங்ஸ் பாதிரியார் பினாங்கு ஃபிரீ ஸ்கூலைத் தொடங்கினார். 2016இல் தமிழ்க் கல்வியின் இருநூறாவது ஆண்டை நாம் விழாவாகக் கொண்டாடியதும் அந்தக் கணக்கில்தான். ஆனால் ஒன்றை அவ்வளவாக யாரும் பேசவில்லை. ஃபிரீ ஸ்கூல் தமிழ்ப்பள்ளி அல்ல. இனம், மதம் பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்ட பள்ளி அது. அதற்குள் நடந்த ஒரு வகுப்புதான் தமிழ் வகுப்பு. அதாவது, இந்த நாட்டில் தமிழ்க் கல்வி ஒரு பொதுப் பள்ளிக்குள்தான் பிறந்திருக்கிறது. அந்த வகுப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. கேட்டு வாங்கவும் தாங்கிப் பிடிக்கவும் ஆள் இல்லாத வகுப்புக்கு என்ன ஆகும் என்பதற்கும் முதல் உதாரணம் அதுதான்.

அடுத்து வந்த எண் பத்து. மலாய் கூட்டு மாநிலங்களில் 1912இல் வந்த தொழிலாளர் சட்டத்தின்படி, 7 முதல் 14 வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்கச் சொல்லித் துரைமார்களைக் கட்டாயப்படுத்தலாம். தமிழ்மேல் இருந்த பாசத்தால் வந்த சட்டம் அல்ல இது. ரப்பருக்கு ஆள் வேண்டும். குடும்பமாக வந்தால் ஆள் தங்கும். குடும்பம் தங்கப் பள்ளி வேண்டும். அந்தக் கணக்கில் எழுந்த பள்ளிகள்தான் அவை. பல இடங்களில் பள்ளி என்பது லயத்தின் ஓர் அறை, கோயில் மண்டபம், அல்லது பிள்ளைக் கொட்டகையின் ஒரு மூலை. கிராணியோ தண்டலோ, எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவரோ வாத்தியார். சட்டம் எண்ணிக்கையைச் சொன்னதே தவிரத் தரத்தைச் சொல்லவில்லை. பலகையும் கரும்பலகையும் பிள்ளைக்குச் சட்டையும் தோட்டத்து ஜனங்களின் கையிலிருந்துதான் வர வேண்டியிருந்தது.

பதினைந்து வந்தது போருக்குப் பிறகு. 1951இல் பார்ன்ஸ் அறிக்கை, எல்லா இனப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் தேசியப் பள்ளிகள் வேண்டும், அங்கே மலாயும் ஆங்கிலமும் போதனா மொழிகளாக இருக்கட்டும் என்றது. கேட்க நல்ல யோசனைதான். ஆனால் அதை எழுதிய குழுவில் சீனர், இந்தியர் யாரும் இல்லை. தாய்மொழிப் பள்ளிகள் மெல்ல மெல்ல இடம்விட வேண்டும் என்பதும் அதற்குள் இருந்தது. சீனக் கல்வியைப் பற்றி அதே ஆண்டு வந்த ஃபென்-வூ அறிக்கை வேறு பக்கம் நின்று பேசியது. 1952இன் கல்விச் சட்டம் பார்ன்ஸ் பக்கம் சாய்ந்தது. ஆனால் நினைத்தபடி தேசியப் பள்ளிகளைக் கட்ட அரசாங்கத்திடம் பணம் இல்லை.

1956இல் ரசாக் அறிக்கை ஒரு சமரசத்தோடு வந்தது. தமிழ், சீனப் பள்ளிகள் ஆரம்பக் கல்வி அளவில் பொதுவான பாடத்திட்டத்தோடு தொடரலாம் என்றது. அதோடு இன்னொன்றும் சொன்னது: அரசாங்கப் பணத்தில் நடக்கும் எந்த ஆரம்பப் பள்ளியிலும் பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் சீனமோ தமிழோ கற்பிக்க வேண்டும். நாம் பி.ஓ.எல். என்று சொல்லும் மாணவர் தாய்மொழி வகுப்பின் வேர் அந்த ஒரு வரி. 1961 கல்விச் சட்டத்திலும் 1996 கல்விச் சட்டத்திலும் அந்தப் பதினைந்து அப்படியே இருக்கிறது.

இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. 1912இல் தோட்டத்தில் பத்துப் பிள்ளைகள் இருந்தாலே போதும். கடமை முதலாளியின்மேல் விழுந்தது. 1956க்குப் பிறகு பதினைந்து பிள்ளைகள் இருந்தால் மட்டும் போதாது; பெற்றோர் கேட்க வேண்டும். நான் பார்க்கும் பொறியியல் வேலையில் ஓர் அளவைக் குறித்து வைத்துவிட்டால், அதைத் தொட்டதும் இயந்திரம் தானாக ஓடும். இந்தச் சட்டம் அப்படி ஓடாது. யாராவது எழுந்து போய் சுவிட்சைத் தட்டணும்.

தட்ட வேண்டிய தேவை ஏன் பெருகியது? தோட்டம் போனதால். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். அதைத் தடுக்கத்தான் 1960இல் துன் சம்பந்தன் தொழிலாளர்களின் சேமிப்பைத் திரட்டித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அதன் பிறகு ரப்பர் செம்பனையானது. செம்பனை பல இடங்களில் வீடமைப்புத் திட்டமானது. ஜனங்கள் அடுக்குமாடிக்கும் தாமானுக்கும் வந்துவிட்டார்கள், பள்ளி பழைய தோட்டத்திலேயே நின்றது. 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள்; இன்று 530க்கும் குறைவு. பல பள்ளிகளுக்கு நிலமே சொந்தமில்லை என்பதால், பகுதி உதவி பெறும் பள்ளி என்ற பெயரோடு கூரைக்கும் கழிப்பறைக்கும் பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கையேந்தும் கதை நமக்கெல்லாம் தெரியும். தாமானுக்கு வந்த பிள்ளைக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்தது தேசியப் பள்ளிதான்.

எல்லாரையும் ஒரே இடத்தில் சேர்க்கும் ஆசை அரசாங்கத்துக்கும் விடவில்லை. 1980களின் நடுவில் மூன்று மொழிப் பள்ளிகளையும் ஒருங்கிணைக்கும் திட்டம் வந்தது. எதிர்ப்பு கிளம்பவே, விளையாட்டு, கூட்டுப்பணி என்று புறப்பாட நடவடிக்கைகளில் மட்டும் மாணவர்களை ஒன்றுசேர்க்கும் 'ரிமுப்' திட்டமாகச் சுருங்கியது. 1995இல் தொலைநோக்குப் பள்ளி என்ற யோசனை. சுபாங் ஜெயா யு.எஸ்.ஜே. 15இல் இன்றும் பார்க்கலாம்: டத்தோ ஓன் ஜாஃபார் தேசியப் பள்ளி, துன் டான் செங் லோக் சீனப்பள்ளி, துன் சம்பந்தன் தமிழ்ப்பள்ளி மூன்றும் ஒரே வளாகத்தில். தலைமையாசிரியர்கள் தனி, போதனா மொழி தனி, திடலும் சிற்றுண்டிச்சாலையும் பொது. சீனக் கல்வி இயக்கங்கள் கடுமையாக எதிர்த்தன. அந்தப் பயத்தைச் சும்மா சந்தேகம் என்று தள்ளிவிட முடியாது. 1961 சட்டத்தின் 21(2) பிரிவு, தேசிய மாதிரிப் பள்ளியைத் தேசியப் பள்ளியாக மாற்றும் அதிகாரத்தை அமைச்சர் கையில் கொடுத்திருந்தது. அது போனது 1996இல்தான். முப்பத்தைந்து வருடம் தலைக்குமேல் தொங்கிய கத்தியை ஒரே நாளில் மறக்கச் சொன்னால் யார் மறப்பார்கள்? இன்று நாட்டில் தொலைநோக்குப் பள்ளி வளாகங்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம்.

ஆக, மேலிருந்து வந்த பெரிய திட்டங்கள் அறிக்கையாகவும் சண்டையாகவும் நின்றன. கீழே, தாமானில், அந்தப் பதினைந்து மட்டும் சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தது.

எங்கள் பள்ளியில் அது எப்படி நடந்தது என்று அம்மாவிடம் கேட்டேன். தலைமையாசிரியர் மறுக்கவில்லை. "பேர் கொண்டு வாங்க, பார்க்கலாம்" என்றாராம். அம்மாவும் எதிர்வீட்டு அக்காவும் மூன்று வாரம் சாயங்காலங்களில் வீடு வீடாகப் போயிருக்கிறார்கள். பதினொன்று சுலபமாகக் கிடைத்திருக்கிறது. ஒரு வீட்டில், "நாங்க தெலுங்கு, எங்களுக்கு எதுக்கு?" இன்னொரு வீட்டில், "இங்கிலீஷே வரமாட்டேங்குது, இதுல தமிழ் வேறயா?" தெலுங்கு வீட்டுப் பாட்டியே மகனைத் திட்டிக் கையெழுத்துப் போட வைத்தது பன்னிரண்டாவது. பதினைந்தாவது கையெழுத்து ரொட்டி சானாய்க் கடைக்கார மாமாவுடையது. அவர் மகனுக்குப் பிற்பகலில் சமய வகுப்பு உண்டு, தமிழ் வகுப்புக்கு எப்போதும் வர முடியாது. "வர்ற அன்னிக்கு வரட்டும்மா. எங்க அத்தா பேசுன பாஷைதானே" என்று போட்டுக் கொடுத்தாராம்.

வகுப்பு நடந்த லட்சணத்தையும் சொல்ல வேண்டும். எங்களுக்கென்று அறை இல்லை. பள்ளி முடிந்த பிறகு சிற்றுண்டிச்சாலையின் கடைசி இரண்டு மேசைகள். பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் மோட்டாரில் வருவார், மணிக்கணக்கில் ஊதியம். பாத்திரம் கழுவும் சத்தத்தில் உயிர்மெய் படித்தோம். ஆண்டு ஒன்றும் ஆண்டு ஐந்தும் ஒரே மேசை. கழுவி முடித்த மாக்சிக் சில நாள் மீந்த மீகூன் கொண்டு வந்து வைப்பார். எங்கள் எழுத்தைப் பார்த்து, இது வட்டம் வட்டமாக அழகாக இருக்கிறதே என்பார். அவர் மகளும் ஒரு மாதம் எங்களோடு உட்கார்ந்து அ, ஆ எழுதினாள். ஆண்டு நான்கில் ஆசிரியருக்கு மாற்றல் வந்தது. வகுப்பு ஏழு மாதம் நின்றது. அம்மா மறுபடி நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

2006இல் வந்த ஒன்பதாவது மலேசியத் திட்டம், தேசியப் பள்ளியே எல்லோரின் முதல் தேர்வாக வேண்டும் என்று சொல்லி, தமிழையும் சீனத்தையும் அங்கே கற்பிப்பதைப் பற்றிப் பேசியது. தேசியப் பள்ளிக்கான தமிழ்மொழிப் பாடம் கால அட்டவணைக்குள் நுழைந்ததும் அந்த ஆண்டுகளில்தான். நல்ல காரியம். ஆனால் அட்டவணையில் இடம் கிடைத்தாலும், ஆசிரியர் வேண்டும், பிள்ளைகள் வேண்டும், அந்த இரண்டையும் விடாமல் கேட்கும் பெற்றோரும் வேண்டும். அந்த மூன்றாவதை எந்தத் திட்டமும் தயாரித்துத் தராது.

இங்கேதான் எனக்கு நம்மவர்கள்மேல், அதாவது இதைப் படிக்கும் நம்மைப் போன்ற இலக்கியக்காரர்கள்மேல், கொஞ்சம் கோபம். தமிழ்ப்பள்ளியைக் காப்பது நம் கடமை. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. எனக்குக் கற்றுக் கொடுத்தவரே தமிழ்ப்பள்ளி ஆசிரியர்தானே. ஆனால் தேசியப் பள்ளிக்குப் போன தமிழ்ப் பிள்ளையைப் போனது போனதுதான் என்று எழுதிவிடுகிறோம். கதை சொல்லும் போட்டியா, தமிழ்ப்பள்ளி மாணவருக்கு. புத்தக அன்பளிப்பா, தமிழ்ப்பள்ளி நூலகத்துக்கு. சிற்றுண்டிச்சாலையின் கடைசி மேசையில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டும் பிள்ளை எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. "நீ தேசியப் பள்ளியா? ஆனா தமிழ் நல்லா எழுதுறியே" என்று இன்றும் என்னிடம் சொல்கிறார்கள். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். கேட்கும்போது, வாசலில் நிற்கவைத்துத் தண்ணீர் கொடுப்பது போல இருக்கிறது.

எங்கள் பழைய பள்ளியில் இப்போது தமிழ் வகுப்பு இல்லை. விசாரித்தேன். பிள்ளைகள் இருக்கிறார்கள், யாரும் கேட்கவில்லை என்றார்கள். போன மாதம் அக்கா மகளை அதே பள்ளியில் ஆண்டு ஒன்றுக்குப் பதிந்திருக்கிறோம். முக்குக் கடையில் 555 நோட்டு இன்னும் விற்கிறார்கள். ஒன்று வாங்கி, 1 முதல் 15 வரை எண் போட்டு வைத்திருக்கிறேன். இதுவரை ஆறு பேர். ஏழாவதாக, ரொட்டி சானாய் மாமாவின் மகனைப் பார்க்கப் போகிறேன். அவனுக்கும் இப்போது ஒரு பையன் இருக்கிறானாம், அதே ஆண்டு ஒன்று.