கத்தியை நாடுமுன்



யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே, வல்வெட்டித்துறைக்கு மேற்கே, நீரேரி கடலோடு கலக்குமிடத்தில் அமைந்த ஊர் தொண்டைமானாறு. சோழப் படைத்தலைவனாகிய கருணாகரத் தொண்டைமான், உப்பேற்றும் மரக்கலங்கள் வந்து செல்லும் பொருட்டு இவ்வாற்றைத் திருத்தினான் என்பது வழிவழி வந்த கதை. இதன் கரையிலே செல்வச்சந்நிதி முருகன் கோயில் கொண்டிருக்கின்றான். அடியார்கள் அவனை அன்னதானக் கந்தன் என்று அழைப்பர். கோயிலைச் சூழ்ந்த மடங்களிலே, வந்தவர் யார், எவ்வூரார் என்று வினவாது சோறிடும் வழக்கம் நெடுங்காலமாக நிலவி வருகின்றது.

பசித்தவனுக்குச் சோறிடுதலே தலையாய அறம் என்று கொண்ட மக்கள் நாம். ஊண் மிகுதியால் வரும் துன்பத்துக்கும் அறமும் மருந்தும் வேண்டும் என்னும் நிலை நம் காலத்திலே வந்துற்றது. தொண்டைமானாற்றிலே பிறந்து இலண்டனிலோ தொறொன்ரோவிலோ கொழும்பிலோ வாழும் ஒருவரிடம், "உமது உடற் பருமனும் நீரிழிவும் உணவுக் கட்டுப்பாட்டினால் மட்டும் அடங்கா; இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை செய்துகொள்வீரா?" என்று வைத்தியர் வினவுவது இன்று அரிதன்று. அதற்கு உடன்படுவதா, மறுப்பதா? இக்கேள்விக்கு விடை காண முயல்வார்க்கு இதன் வரலாறு சிறிதேனும் துணைபுரியும் என்னும் எண்ணத்தினாலேயே இப்பேச்சு அமைகின்றது.

மிகுபருமனை நோயாகக் கண்டமை புதியதன்று. சரக சங்கிதை, உடலமைப்பினால் இடருறுவோர் எண்மருள் மிகப் பருத்தவரை ஒருவராக எண்ணி, அவருக்கு வரும் மூச்சுத் தளர்ச்சி, வியர்வை, மிகு பசி முதலியவற்றைக் கூறுகின்றது. திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரம் 'மருந்து' என்னும் பெயருடையது. அதிலே மூலிகையின் பெயர் ஒன்றேனும் இல்லை. முன்னுண்டது செரித்ததை அறிந்து, அளவோடு உண்க என்பதே அதன் உள்ளுறை. யாழ்ப்பாண அரசர் காலத்திலே எழுந்த செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்களின் வழிவந்த நம் பரியாரிமாரும் மருந்தோடு பத்தியத்தையும் சேர்த்தே விதித்தனர்.

மேலை நாட்டிலும் இதே வழியைத்தான் முதலிற் கண்டனர். பத்தாம் நூற்றாண்டிலே, இன்றைய இசுப்பானியாவின் வடபாலிருந்த லியோன் நாட்டை ஆண்ட சாஞ்சோ என்னும் மன்னன், குதிரை ஏற முடியாத அளவு பருத்திருந்தமையால் 958ஆம் ஆண்டு அரசிழந்தான் என்பர். அவன் கோர்தோவா நகரை அடைந்து, அசுதாய் இபின் சப்ரூத் என்னும் யூத வைத்தியரின் கடும் பத்தியத்தாலே மெலிந்து, 960இல் மீண்டும் அரசு பெற்றான். யூதரின் பழைய நூலாகிய தல்மூதிலே, இரப்பி எலெயாசர் என்பாருக்கு உறக்க மருந்து கொடுத்து, வயிற்றைத் திறந்து, கொழுப்பைக் கூடை கூடையாக எடுத்தனர் என்றொரு கதையும் உண்டு. அது கதையே. எனினும், கத்தியால் இதனைத் தீர்க்கலாமோ என்னும் எண்ணம் மனித உள்ளத்திலே எவ்வளவு பழையது என்பதை அது காட்டுகின்றது.

எண்ணம் செயலாவதற்கு மயக்க மருந்து வேண்டியிருந்தது. 1846ஆம் ஆண்டு அமெரிக்காவின் பொசுத்தன் நகரிலே ஈதர் பயன்பட்டது. 1847இல் எடின்பரோவிலே குளோரபோம் பயன்பட்டது. அதே 1847ஆம் ஆண்டிலேதான் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மறு ஆண்டு மானிப்பாயிலே வைத்தியப் பணியைத் தொடங்கிய அவர், அறுபதுக்கும் மேற்பட்ட உள்ளூர் இளைஞரை வைத்தியராகப் பயிற்றினார். 1864இலிருந்து அப்பயிற்சி தமிழிலேயே நடைபெற்றது. 'இரண வைத்தியம்' என்னும் சத்திரசிகிச்சை நூலைத் தமிழிலே தந்ததும் அவரே. அந்நூல் 1867இல் வெளிவந்தது. மேலைமருத்துவம் பயிலும் தமிழர் தம் உடையையும் உணவையும் மொழியையும் கைவிடத் தேவையில்லை என்பது அவர் கொள்கை.

கிறீன் வைத்தியர் காலத்திலே கத்தியின் வேலை, உயிருக்கு உடனே இடர் தரும் கட்டியையும் காயத்தையும் நீக்குவதாகவே இருந்தது. கெட்ட உறுப்பை நீக்காவிடின் சாவு என்றால், முடிவு கடிதெனினும் கேள்வி தெளிவானது. பருமனுக்குச் செய்யும் சத்திரசிகிச்சையோ வேறு இனத்தது. இங்கே கத்தி படுவது நோயுற்ற உறுப்பின்மீதன்று. நன்றாக இயங்கும் இரைப்பையின்மீது. நாளை வரக்கூடிய மாரடைப்பையும் சிறுநீரகக் கேட்டையும் கண்பார்வை இழப்பையும் தடுப்பதற்காக, இன்று நலமாயுள்ள உறுப்பை மாற்றியமைக்கின்றோம். ஆதலின் இம்முடிவு கடினமாகின்றது.

இதன் வரலாறு படிப்பினை மிக்கது. 1952ஆம் ஆண்டு சுவீடனில் என்றிக்சன் என்னும் வைத்தியர் ஒரு நோயாளியின் சிறுகுடலில் ஒரு பகுதியை வெட்டி நீக்கினார். 1954இல் அமெரிக்காவின் மினசோற்றா மாநிலத்திலே கிறெமன், லின்னர் முதலியோர் சிறுகுடலின் பெரும்பகுதியை உணவு கடந்து செல்லாதவாறு குறுக்குவழி அமைக்கும் முறையை வெளியிட்டனர். உண்டது உடலிற் சேராது ஒழிந்தது; எடையும் குறைந்தது. ஆனால் ஆண்டுகள் செல்லச்செல்லத் தீராத வயிற்றோட்டமும், சிறுநீரகக் கல்லும், மூட்டு வலியும், சிலருக்கு ஈரற் சிதைவும் தோன்றின. எடை குறைந்ததைக் கண்டு மகிழ்ந்தோர், உடல் நலிந்ததைக் கண்டு வருந்தினர். 1980ஆம் ஆண்டளவில் அம்முறை கைவிடப்பட்டது.

அதற்கிடையே ஐயோவாப் பல்கலைக்கழகத்து எட்வேட் மேசன், குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தவர்கள் மெலிந்தே இருப்பதைக் கவனித்தார். 1966ஆம் ஆண்டு அவர் இட்டோ என்பாருடன் சேர்ந்து, இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து அதனை நேரே சிறுகுடலுடன் இணைத்தார். இன்று செய்யப்படும் மாற்றுவழிச் சிகிச்சை அதன் வழித்தோன்றலே. 1990களில் வயிற்றைப் பெரிதாகக் கீறாது, சிறு துளைகளின் வழியே கருவிகளைச் செலுத்திச் செய்யும் முறை வந்தது. அதன்பின் இரைப்பையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கை நீக்கி, எஞ்சியதை ஒடுங்கிய குழாய்போல் ஆக்கும் முறையும் பரவியது.

இவற்றாற் பயன் உண்டா? 1995ஆம் ஆண்டு வட கரோலினாவிலிருந்து போறீசு என்னும் வைத்தியரும் துணைவரும் வெளியிட்ட அறிக்கை வைத்திய உலகை வியப்பில் ஆழ்த்தியது. மாற்றுவழிச் சிகிச்சை பெற்றோருள் நீரிழிவுடைய 146 பேரில் 121 பேருக்குக் குருதியின் சர்க்கரை இயல்பு நிலைக்குத் திரும்பியது. குடலிலிருந்து சுரக்கும் ஓமோன்கள் மாறுவதாலும் இது நிகழ்கின்றது என்பது பின்னர் தெளிவாயிற்று. நீரிழிவு மலிந்த நம் குடும்பங்களுக்கு இது சிறிய செய்தியன்று.

சுவீடனிலே 1987இல் தொடங்கிய நீண்ட ஆராய்ச்சியொன்று, சத்திரசிகிச்சை பெற்ற 2010 பேரையும், பெறாத 2037 பேரையும் ஒப்பிட்டது. சராசரி 11 ஆண்டுகளின் பின், பெற்றோருள் 101 பேரும் பெறாதோருள் 129 பேரும் இறந்திருந்தனர். அதே ஆராய்ச்சியின் 2020ஆம் ஆண்டு அறிக்கை, சிகிச்சை பெற்றோர் பெறாதோரைவிட ஏறத்தாழ 3 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தனர் என்றும், ஆயினும் பொதுமக்களின் ஆயுளை நோக்க 5½ ஆண்டுகள் குறைவாகவே வாழ்ந்தனர் என்றும் கூறிற்று. இவ்விரு எண்களையும் சேர்த்தே கேட்டல் வேண்டும். முதலெண் நம்பிக்கை தருவது. இரண்டாமெண் மிகை நம்பிக்கையைத் தடுப்பது.

இச்சிகிச்சை எவ்வாறு இயங்குகின்றது என்பதை விளக்க நம் தொண்டைமானாறே உவமையாகின்றது. நீரேரிக்குள் கடலின் உவர்நீர் புகுந்து வயலையும் கிணற்றையும் கெடுத்தலைத் தடுப்பதற்காக, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கே தடுப்பணை கட்டப்பட்டது. அதனோடு வேலை முடிந்துவிடவில்லை. மாரியிலே கதவைத் திறந்து மழைவெள்ளத்தைக் கடலுக்கு விடுதல் வேண்டும். கோடையிலே மூடி உவரைத் தடுத்தல் வேண்டும். கதவுகள் பழுதுற்ற காலங்களில் உவர் மீண்டும் உட்புகுந்தது. அணை கட்டியவன் ஒருமுறை உழைத்தான். அதைக் காப்பவனோ ஒவ்வோராண்டும் உழைக்க வேண்டியவனானான்.

சத்திரசிகிச்சையும் இவ்வாறே. சில மணி நேரத்தில் வைத்தியர் தம் பணியை முடித்துவிடுவார். நோயாளியின் பணி அன்று தொடங்கி ஆயுள் முழுவதும் நீடிக்கும். சிறிது சிறிதாக, நன்கு மென்று உண்ணல் வேண்டும். இரும்புச்சத்து, கல்சியம், உயிர்ச்சத்து பீ12, உயிர்ச்சத்து டீ ஆகியவற்றை வைத்தியர் விதித்தவாறு உட்கொள்ளலும், காலந்தோறும் குருதியைச் சோதித்தலும் வேண்டும். அவற்றைக் கைவிட்டவர்க்குச் சோகையும் நரம்புத் தளர்ச்சியும் என்புத் தேய்வும் வரும். பிள்ளைப்பேற்றை விரும்பும் பெண்கள் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை காத்திருத்தல் நன்று. பித்தக்கல் தோன்றலாம். மாற்றுவழிச் சிகிச்சை பெற்றவர்க்கு மது விரைந்து ஏறும். குறைந்த எடையில் ஒரு பகுதி சில ஆண்டுகளின் பின் மீளுதலும் உண்டு. தேர்ந்த நிலையங்களிலே சத்திரசிகிச்சையால் நேரும் இறப்பு ஆயிரத்துக்கு ஒன்று என்னும் அளவினதே. எனினும் தையலிடத்துக் கசிவு, குருதிக்கட்டி முதலிய இடர்கள் அறவே இல்லை என்று எவரும் சொல்லார்.

யாருக்கு இது தகும்? கிலோகிராமில் உள்ள எடையை, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்ணை உடற்றிணிவுச் சுட்டி என்பர். 1991ஆம் ஆண்டு அமெரிக்க வைத்தியர் குழுவொன்று, அச்சுட்டி 40க்கு மேற்பட்டவர்க்கும், 35க்கு மேற்பட்டு நீரிழிவு முதலிய நோயுடையவர்க்கும் சத்திரசிகிச்சை பொருந்தும் என்றது. 2022இல் சத்திரவைத்தியர் சங்கங்கள் அவ்வெல்லையைத் தாழ்த்தி, 35க்கு மேற்பட்டவர்க்கு வேறு நோய் இல்லாவிடினும் பரிந்துரைக்கலாம் என்றன. ஆசிய மக்களுக்கு 27.5 முதலே இதனைக் கருதலாம் என்றும் கூறின. குறைந்த பருமனிலேயே நம்மவருக்கு நீரிழிவு பற்றுகின்றது என்பதே இவ்வேறுபாட்டின் காரணம். ஆகவே வெள்ளையரை நோக்கத் தாம் மெலிந்தவரே என்று தேறியிருத்தல் நமக்குப் பொருந்தாது. மறுபுறம், 2021க்குப் பின்னர் வாரம் ஒருமுறை ஏற்றும் ஊசிமருந்துகளும் எடைக் குறைப்புக்கெனப் பயன்பாட்டுக்கு வந்துள்ளன. அவை கத்தியின்றிப் பசியை அடக்குவன. ஆனால் நிறுத்தினால் எடை பெரும்பாலும் மீள்கின்றது. இன்று முடிவு செய்பவர் அவற்றையும் எண்ணியே முடிவு செய்தல் வேண்டும்.

இனி, எந்த வைத்திய நூலும் விரித்துரைக்காத ஒன்றைக் குறிப்பிடுதல் வேண்டும். நம் சமூகத்திலே உணவு வெறும் உணவன்று. அது அன்பின் மொழி. "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று தாய் கேட்பதற்கு, "போதும்" என்று இலையை மறைப்பது பலருக்கு மனவருத்தத்தைத் தரும். கல்யாண வீட்டிலும் அந்தியேட்டியிலும் குறைத்துண்பவரை, "என்ன, எங்கள் வீட்டுச் சோறு பிடிக்கவில்லையோ?" என்று கேட்பாருண்டு. இரைப்பை சிறுத்தவருக்கு நான்கு கவளத்தின்மேல் இறங்காது. ஆகவே இது ஒருவர் தனித்து எடுக்கும் முடிவுபோலத் தோன்றினும், அவரோடு ஒரே அடுக்களையில் உண்பவர் யாவரும் பங்குகொள்ளும் முடிவாகும். பருத்தவரை ஏளனஞ் செய்வதும், அவர் சிகிச்சை பெற்றால் "உழைக்காமல் மெலிந்தவர்" என்று இகழ்வதும் ஒருங்கே தவிர்க்கத்தக்கன. பருமன் பெரும்பாலும் மரபும் சூழலும் சேர்ந்து தரும் நோய், மனவலியின்மை மட்டுமன்று.

ஆதலின் வைத்தியர் முன் அமரும்போது சில கேள்விகளைத் தயங்காது கேட்க வேண்டும். எனக்கு உள்ள நோய்களுள் எவை இதனாற் குறையும்? எம்முறையைச் செய்யப் போகின்றீர்கள், அதனை ஏன் தேர்ந்தீர்கள்? உங்கள் நிலையத்திலே இடருற்றோர் எத்தனை பேர்? இடர் வந்தால் என்னைக் கவனிப்பவர் யார்? ஐந்தாண்டின் பின்னரும் என் குருதியைச் சோதிப்பவர் யார்? வெளியூர் சென்று சிகிச்சை பெற்றுத் திரும்புவோர்க்குக் கடைசிக் கேள்வி மிக முதன்மையானது. கொழும்பிலோ சென்னையிலோ கத்தி வைக்கலாம். காவல் இருக்க வேண்டியது வாழும் ஊரிலேயே.

அவ்விடைகளை நோயாளி தம் சொந்த மொழியிலே விளங்கிக்கொள்ளல் வேண்டும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கிறீன் வைத்தியர் உடற்கூற்றையும் சத்திரசிகிச்சையையும் தமிழிலே எழுதியமையின் பெரும்பயன் இதுவே. விளங்காத மொழியில் அச்சிட்ட தாளிலே ஒப்பமிடுதல் உடன்பாடாகாது. இடரையும் பயனையும் எடைபோட்டு, "செய்கின்றேன்" என்று துணிபவர் கோழையல்லர். "எனக்கு வேண்டாம், வேறு வழி முயல்கின்றேன்" என்பவரும் அறிவிலி அல்லர். அறியாமலே துணிவதும், அறியாமலே அஞ்சுவதுமே நாம் நீக்க வேண்டியவை.