ஆய்வேடும் இன்டர்ன்ஷிப்பும்: இடம் மாறிய ஓராண்டின் வரலாறு

அமெரிக்காவில் மருத்துவ உளவியலில் முனைவர் பட்டம் பெற ஆய்வேடு மட்டும் போதாது. மருத்துவமனையிலோ மனநல மையத்திலோ ஓராண்டு முழுநேர இன்டர்ன்ஷிப்பையும் முடித்தாக வேண்டும். இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதற்கு மாணவரின் சோம்பலைக் காரணம் சொல்வது நியாயமல்ல. மோதல் பயிற்சியின் வரலாற்றிலேயே இருக்கிறது.

நியூ ஜெர்சியின் வைன்லாந்து பயிற்சிப் பள்ளியில் 1908-இல் ஹென்றி காடார்ட் தொடங்கியதே இத்துறையின் முதல் இன்டர்ன்ஷிப் என்பர். அடுத்த முப்பது ஆண்டுகளில் சில மனநல மருத்துவமனைகள் அதைப் பின்பற்றின. பொது விதி என்று எதுவும் இல்லை. இரண்டாம் உலகப் போர் நிலைமையை மாற்றியது. மனம் பாதிக்கப்பட்டுத் திரும்பிய வீரர்களைக் கவனிக்க ஆள் போதவில்லை. 1946-இல் முன்னாள் படைவீரர் நலத்துறை, உளவியல் மாணவர்களுக்குச் சம்பளம் கொடுத்துப் பயிற்சி தரத் தொடங்கியது.

மறு ஆண்டு, உளவியலாளர் டேவிட் ஷாகோ தலைமையிலான குழு நான்கு ஆண்டுப் பாடத்திட்டம் ஒன்றை வகுத்தது. மூன்றாம் ஆண்டு இன்டர்ன்ஷிப். நான்காம் ஆண்டு பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி ஆய்வேடு. வார்டில் நோயாளிகளிடம் கண்டது ஆய்வுக்கு உரமாகும் என்ற நல்ல யோசனை அதில் இருந்தது. ஷாகோவுக்கு இதன் அருமை அனுபவத்தில் தெரியும். ஹார்வர்டில் அவருடைய முதல் ஆய்வு பலன் தரவில்லை. குடும்பத்தைக் காப்பாற்ற 1928-இல் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஸ்கிசோஃப்ரினியா நோயாளிகளை ஆராய்ந்தே 1942-இல், 41-ஆம் வயதில், முனைவரானார். 1949-இல் கொலராடோவின் போல்டர் நகரில் இரண்டு வாரம் கூடிய மாநாடு, ஆய்வும் சிகிச்சையும் ஒருவரிடமே சேர வேண்டும் என்ற கொள்கையை உறுதிசெய்தது.

கொள்கை நிலைத்தது, வரிசை நிலைக்கவில்லை. இன்டர்ன்ஷிப் மெல்ல மெல்லக் கடைசி ஆண்டுக்கு நகர்ந்தது. இன்டர்ன்ஷிப் இடங்களுக்கான போட்டி நாடு தழுவியதானதால் மாணவர் தொலைதூர ஊர்களுக்கும் குடிபெயர வேண்டியதாயிற்று. முன்பு பிப்ரவரியில் ஒரே நாளில் தொலைபேசியில் இடங்கள் ஒதுக்கப்பட்டன. எந்த அழைப்பை ஏற்பது, எதற்குக் காத்திருப்பது என்று சில மணி நேரத்தில் முடிவெடுக்க வேண்டும். 1999 முதல் இரு தரப்பின் விருப்பப் பட்டியல்களையும் கணினி பொருத்துகிறது. பதற்றம் குறைந்தாலும் இடப் பற்றாக்குறை உடனே தீரவில்லை. 2012 வாக்கில் அது உச்சத்தைத் தொட்டபோது, புதிய இடங்களை உருவாக்க அமெரிக்க உளவியல் சங்கம் 30 லட்சம் டாலர் வரை ஒதுக்கியது.

ஷாகோவின் திட்டத்தில் ஆய்வேட்டுக்கென்றே ஓராண்டு இருந்தது. இன்றைய மாணவர் பகலெல்லாம் நோயாளிகளைப் பார்த்து, குறிப்புகள் எழுதி, இரவில்தான் ஆய்வேட்டைத் திறக்க முடிகிறது. நெறியாளரும் நூலகமும் வேறு ஊரில். அதனால் ஆய்வு முன்மொழிவு ஏற்கப்பட்ட பிறகே இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்று பல துறைகள் விதி வைத்துள்ளன. அதுவும் போதாது. தரவு சேகரிப்பை முடித்துவிட்டுக் கிளம்புபவருக்கு எழுதும் வேலை மட்டுமே மிஞ்சும். முடிக்காதவர் இன்டர்ன்ஷிப் முடிந்தும் பட்டமின்றி நிற்பார். அந்தப் பட்டம் வராமல் உளவியலாளர் உரிமமும் கிடைக்காது.