டிரெயின்ஸ்பாட்டிங்: பிரிட்டனின் எண் வேட்டையும் பிளாட்பார பப்பும்

டிரெயின்ஸ்பாட்டிங் என்பது ரயில் எஞ்சின்களை நேரில் கண்டு அவற்றின் எண்களைக் குறித்துக்கொள்ளும் பொழுதுபோக்கு. ரயில் ஓடுகிற எல்லா நாட்டிலும் ரயில் பைத்தியங்கள் உண்டு. ஆனால் எண்ணைக் குறிப்பது, வீட்டுக்கு வந்து அச்சிட்ட பட்டியலில் அந்த எண்ணின் கீழ் ஸ்கேல் வைத்துக் கோடு போடுவது, கோடில்லாத எண் எதுவும் மிஞ்சாதவரை ஊர் ஊராக அலைவது என்று இது ஓர் ஒழுங்கோடு வளர்ந்தது பிரிட்டனில்தான். 1940களின் நடுவிலிருந்து 1960கள் வரை இது பள்ளிச் சிறுவர்களின் ஆட்டம். இன்று பிளாட்பார முனையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தலை நரைத்த ஆண்கள். அந்தச் சிறுவர்களே வயதாகி நிற்கிறார்கள் என்பது பாதிக் காரணம். பார்ப்பதற்கு எஞ்சின் குறைந்துபோனது மீதிப் பாதி. ஒரு எஞ்சினுக்கும் அடுத்ததற்கும் இடையே காத்திருக்கும் நேரம் நீண்டுகொண்டே போனது. நீண்ட நேரத்தைப் பிடித்துக்கொண்டது ரயில் நிலையத்து பப்.

ஒரு ஷில்லிங் புத்தகம்

எஞ்சின் பெயர்களை நோட்டில் எழுதி வைப்பது புதிய பழக்கமல்ல. விக்டோரியா மகாராணி காலத்திலேயே அப்படி எழுதியவர்கள் உண்டு. அதை ஊரறிந்த பொழுதுபோக்காக்கியவர் இயன் ஆலன் (1922–2015). பள்ளிப் பருவத்தில் ஒரு விபத்தில் கால் ஒன்றை இழந்த இவர், லண்டன் வாட்டர்லூவைத் தலைமையிடமாகக் கொண்ட சதர்ன் ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மக்கள் தொடர்புப் பிரிவில் வேலை. எந்த எஞ்சினுக்கு எந்த எண், எது எப்போது கட்டியது என்று கேட்டு நாள்தோறும் கடிதங்கள் வந்து குவிந்தன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போய், எல்லாவற்றையும் ஒரே புத்தகமாகத் தொகுத்துவிடலாமே என்று யோசனை சொன்னார். நிர்வாகம் அக்கறை காட்டவில்லை. 1942இல், போர் நடந்துகொண்டிருந்தபோது, சதர்ன் எஞ்சின்களின் 'ஏபிசி' பட்டியலைத் தாமே வெளியிட்டார். விலை ஒரு ஷில்லிங். 2,000 பிரதிகளும் விரைவில் தீர்ந்தன. மற்ற ரயில்வேக்களுக்கும் பட்டியல்கள் வந்தன, குமாஸ்தா பதிப்பாளரானார்.

சிறுவர்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பியதும் தொல்லையும் கிளம்பியது. ஸ்டாஃபோர்ட்ஷயரில் உள்ள டாம்வொர்த்தில் இரண்டு முக்கியப் பாதைகள் ஒன்றன் மேல் ஒன்றாகக் குறுக்கிடுகின்றன. ஓரிடத்தில் நின்றாலே இரண்டையும் பார்த்துவிடலாம் என்பதால் அங்கே நெரிசல். சில பையன்கள் தண்டவாளத்தில் இறங்கிப் பிடிபட்டார்கள். பேர் கெட்டுவிடும் என்று உணர்ந்த ஆலன் 'லோகோஸ்பாட்டர்ஸ் கிளப்'பைத் தொடங்கினார். ரயில்வே இடத்தில் அத்துமீறி நுழைய மாட்டேன் என்று உறுதிமொழி எடுத்தால்தான் உறுப்பினர். வட்டாரத்துக்கு ஒரு நிறத்தில் பேட்ஜும் கொடுத்தார். உறுதிமொழி எடுத்த பையன்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் எஞ்சின் ஷெட்டுக்குள் காவலாளி கண்ணில் படாமல் ஒரு சுற்று சுற்றி வந்ததாகப் பிற்காலத்தில் பெருமையாகவே எழுதியிருக்கிறார்கள். ஷெட்டில் ஒரே மூச்சில் பல எண்கள் கிடைத்துவிடும். ஆசை யாரை விட்டது?

1948 ஜனவரி 1 அன்று பிரிட்டிஷ் ரயில்வே நாட்டுடைமையானது. கைமாறிய நீராவி எஞ்சின்கள் சுமார் 20,000. எண் பார்ப்பவர்களுக்கு இதைவிடப் பொற்காலம் வாய்க்காது. வெஸ்டர்ன் வட்டாரம் தவிர மற்ற வட்டார எஞ்சின்கள் ஐந்திலக்கத் தொகுதிகளில் அடங்கின: சதர்ன் 30,000க்கு மேல், லண்டன் மிட்லண்ட் 40,000க்கு மேல், கிழக்கு வட்டாரங்கள் 60,000க்கு மேல். 'ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்' 60103 ஆனது. 1938இல் மணிக்கு 126 மைல் ஓடி நீராவி எஞ்சின் வேகத்துக்கு உலகச் சாதனை படைத்த 'மல்லார்டு' 60022 ஆனது. முதன்முறையாகக் காணும் எண்ணுக்கு ஸ்பாட்டர்கள் வைத்த பெயர் 'காப்'. பக்கத்தில் நிற்பவன் ஏற்கெனவே கண்ட எண்ணாக இருந்தாலும் நமக்குப் புதிதென்றால் நமக்கு அது காப்தான்.

1968க்குப் பிறகு

1955இல் அறிவித்த நவீனமயத் திட்டம் நீராவியின் ஆயுளைக் குறித்துவிட்டது. 1968 ஆகஸ்ட் 11 அன்று லிவர்பூலிலிருந்து மான்செஸ்டர் வழியாகக் கார்லைலுக்குப் போய்த் திரும்பிய ரயில், பிரிட்டிஷ் ரயில்வேயின் பொதுப் பாதைகளில் கடைசி நீராவிப் பயணமாக அமைந்தது. டிக்கெட் 15 கினி என்பதால் அந்தத் தொகையே அந்த ரயிலுக்குப் பெயராகிவிட்டது. அன்றோடு நோட்டை மூடியவர்கள் ஏராளம். மூடாதவர்கள் டீசலுக்கு மாறினார்கள். அவர்கள் எஞ்சின்களுக்குச் சூட்டிய பட்டப் பெயர்களில் பாதி காதால் வந்தவை. 37ஆம் வகுப்பு உறுமும் விதத்துக்கு 'டிராக்டர்', 50ஆம் வகுப்பின் விசிறி இரைச்சலுக்கு 'ஹூவர்'. 37ஆம் வகுப்பில் பெரும்பகுதியைக் கட்டிய வல்கன் ஃபவுண்டரிதான் 1853இல் பம்பாயிலிருந்து தாணாவுக்கு ஓடிய இந்தியாவின் முதல் பயணிகள் ரயிலுக்கும் எஞ்சின் அனுப்பியது.

இப்போது பயணிகள் ரயில்களில் தனி எஞ்சின் அரிது. மோட்டார் பெட்டிகளோடு பிணைந்த தொடர்களே மிகுதி. சரக்குக்கு 1998 முதல், பெரும்பாலும் கனடாவிலிருந்து, வந்திறங்கிய 66ஆம் வகுப்பு. கூரையின் வடிவத்தால் இதற்குக் 'கொட்டகை' என்ற பொருளில் 'ஷெட்' என்று பெயர். எங்கு பார்த்தாலும் இதே எஞ்சின் என்று ஸ்பாட்டர்கள் சலித்துக்கொள்வார்கள். ஆனாலும் இந்த வகுப்பின் கடைசி எஞ்சினான 66779 வந்தபோது, 1960இல் ஸ்விண்டனில் கட்டிய கடைசி நீராவி எஞ்சினின் பெயரையே ('ஈவினிங் ஸ்டார்') சூட்டிப் பச்சை வண்ணம் பூசி 2016இல் யார்க் அருங்காட்சியகத்தில் அறிமுகப்படுத்தியதும், சலித்துக்கொண்ட அதே ஆட்கள் அதைத் தேடிப் போனார்கள்.

எஞ்சின் எண் ஒருபுறம் இருக்க, ஓடும் ரயிலுக்கு என்று நான்கெழுத்துக் குறியீடு ஒன்று உண்டு. ஸ்பாட்டர்களின் உண்மையான கல்வி இதில்தான். முதல் இலக்கம் ரயிலின் வகை: 1 என்றால் எக்ஸ்பிரஸ், 2 நின்று நின்று போவது, 5 ஆளில்லாப் பெட்டிகள், 0 தனி எஞ்சின், 4, 6, 7, 8 ஆகியவை வேகம் குறையக் குறையச் சரக்கு ரயில்கள். அடுத்து வரும் எழுத்து பல நெடுந்தூர ரயில்களில் போய்ச் சேரும் வட்டாரத்தைச் சொல்லும். எஸ் என்றால் ஸ்காட்லாந்து. இசட் வந்துவிட்டால் அது வழக்கத்துக்கு மாறான சிறப்பு ரயில். '1இசட்' என்று தொடங்கும் ஒன்று வருகிறது என்றால் சாப்பாட்டுப் பொட்டலத்தை அப்படியே பெஞ்சில் போட்டுவிட்டுப் பிளாட்பார முனைக்கு ஓடுவார்கள். முன்பெல்லாம் இந்தச் செய்தி சிக்னல்காரரோடு பழகியவருக்கு மட்டும் கிட்டும். இப்போது இணையத்தில் யாரும் பார்க்கலாம். அடுத்த சரக்கு ரயில் 40 நிமிடம் கழித்துத்தான் என்று திட்டவட்டமாகத் தெரிந்துவிட்ட பிறகு குளிரில் நிற்க யாருக்கும் மனம் வராது.

பீரும் ரயிலும்

பப்புக்கும் ரயிலுக்கும் உள்ள உறவு ஸ்பாட்டர்களுக்கு முந்தியது. மிட்லண்ட் ரயில்வேயின் பெரும் வருமானங்களில் ஒன்று பர்ட்டன் நகரத்துப் பீரை லண்டனுக்குக் கொண்டுவருவது. 1868இல் அது லண்டனில் திறந்த செயிண்ட் பாங்க்ரஸ் நிலையத்தில் பிளாட்பாரங்களுக்குக் கீழே ஒரு பெரிய கிடங்கு. அதன் இரும்புத் தூண்களுக்கு இடையே எவ்வளவு தூரம் விடுவது என்பதைப் பொறியாளர் வில்லியம் பார்லோ பீர்ப் பீப்பாயின் அளவை வைத்தே முடிவு செய்தார். இன்று யூரோஸ்டார் ரயில் பயணிகள் பயணப்பெட்டியை உருட்டிக்கொண்டு போவது அந்தப் பீர்க் கிடங்கின் தரையில்தான்.

நீராவி ஒழிந்துகொண்டிருந்த ஆண்டுகளில் பீரிலும் அதே கதை நடந்தது. பெரிய மதுவாலைகள் ஈஸ்ட்டைக் கொன்று, வாயு ஏற்றி அடைத்த 'கெக்' பீரை எல்லா பப்பிலும் திணித்தன. அதை எதிர்த்து 1971இல் நான்கு இளைஞர்கள் தொடங்கிய இயக்கமே கேம்ரா. மரபான 'காஸ்க் ஏல்' பீப்பாய்க்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கும். நிலவறையில் 11 முதல் 13 டிகிரி செல்சியஸில் வைத்து, கைப்பம்பால் இழுத்து ஊற்றுவார்கள். திறந்தபின் மூன்று நாளுக்குள் காலி செய்ய வேண்டும். 1951இல் வேல்ஸின் தாலிலின் ரயில்பாதையைத் தொண்டர்கள் கையில் எடுத்து ஓட்டிய மனநிலையும் கேம்ராவின் மனநிலையும் ஒன்றுதான்: வசதி குறைவானாலும் பழைய முறையே சரி என்ற பிடிவாதம். எண் நோட்டும் கேம்ரா வெளியிடும் பீர்க் கையேடும் ஒரே பைக்குள் கிடப்பதில் வியப்பில்லை.

ஸ்டேலிபிரிட்ஜில் ஒரு சனிக்கிழமை

இந்த இரண்டு பித்தும் சேரும் இடங்களில் பெயர்பெற்றது மான்செஸ்டருக்குக் கிழக்கே உள்ள ஸ்டேலிபிரிட்ஜ். அந்த நிலையத்தின் 'பஃபே பார்' 1885இல் தொடங்கியது. விக்டோரியா காலத்து நிலையச் சிற்றுண்டிக் கூடங்களில் இன்னும் புழக்கத்தில் உள்ளவை மிகச் சில. அவற்றில் இது ஒன்று. பளிங்கு மேடை, கணப்பு அடுப்பு, சுவர் நிறைய ரயில்வேப் பெயர்ப்பலகைகளும் பழைய படங்களும். மேடைக்குப் போய்ச் சொல்லி, அங்கேயே காசு கொடுத்து, கோப்பையைத் தானே எடுத்து வர வேண்டும். நண்பர்கள் நால்வர் போனால் ஆளுக்கொரு முறை எல்லாருக்கும் வாங்குவது வழக்கம். நாலு சுற்றும் முழுப் பைண்டாக (568 மில்லி) குடித்தால் நோட்டில் எழுத்து கோணலாகிவிடும் என்பதால் விவரம் தெரிந்தவர்கள் அரைப் பைண்டோடு நிறுத்துவார்கள். தொட்டுக்கொள்ள லங்காஷயர் பக்கத்துக் கறுப்புப் பட்டாணி: ஊறவைத்து நன்றாக வேகவிட்டு, மேலே மால்ட் வினிகர் தெளித்துச் சூடாகத் தருவார்கள். தாளிப்பு இல்லாத சுண்டல் என்று வைத்துக்கொள்ளலாம்.

வருவோர் பெரும்பாலும் காலையிலேயே வந்துவிடுவார்கள். ஃபிளாஸ்கில் தேநீர், சாண்ட்விச், மழைக்கோட்டு, பேனா இரண்டு. சனிக்கிழமை காலையில் ஸ்டாக்போர்ட்டுக்கும் ஸ்டேலிபிரிட்ஜுக்கும் இடையே ஒரு ரயில் ஓடும். வாரத்தில் அந்த ஒரு நாள்தான். ஒரு பாதையின் பயணிகள் சேவையை முறைப்படி மூடுவதற்கான சட்ட நடைமுறை நீண்டது. அதைவிட வாரம் ஒரு ரயிலைப் பேருக்கு ஓட்டிவிடுவது எளிது. இத்தகைய ரயிலுக்கு 'பார்லிமெண்டரி' ரயில் என்று பெயர். வழியில் உள்ள டென்டன், ரெடிஷ் சவுத் நிலையங்கள் நாட்டிலேயே மிகக் குறைந்த பயணிகளைக் கண்டவற்றில் சேரும். அந்த ரயிலில் ஏறுபவர்களில் கணிசமானோர் எங்கும் போக வேண்டியவர்கள் அல்லர்; அதில் ஏறினோம் என்று எழுதிக்கொள்ள வந்தவர்கள்.

நண்பகலுக்கு மேல் கூட்டத்தின் குணம் மாறும். ஸ்டேலிபிரிட்ஜிலிருந்து கிரீன்ஃபீல்டு, மார்ஸ்டன், ஸ்லெய்த்வெய்ட், ஹடர்ஸ்ஃபீல்டு, மிர்ஃபீல்டு, டியூஸ்பரி, பாட்லி என்று ஒவ்வொரு நிலையத்திலும் இறங்கி ஒரு பைண்ட் குடித்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடிக்கும் 'ஏல் டிரெய்ல்' 2009இல் ஒரு பிபிசி நிகழ்ச்சிக்குப் பிறகு பிரபலமானது. வழியில் பென்னைன் மலையைக் குடையும் மூன்று மைல் ஸ்டாண்டெட்ஜ் சுரங்கம். ஹடர்ஸ்ஃபீல்டில் கொரிந்தியத் தூண்கள் நிற்கும் அரண்மனை போன்ற நிலையம். அதன் இரு சிறகுகளிலும் ஒவ்வொரு பப் இயங்கிவந்திருக்கிறது. எலி பிடிக்க 2011இல் சேர்ந்து 2016இல் பதவி உயர்வும் பெற்ற ஃபீலிக்ஸ் என்ற பூனை இருந்ததும் அங்கேதான். ஆனால் டிரெய்ல் பெயரெடுத்ததும் கல்யாணத்துக்கு முந்தைய குடிக் கூட்டங்கள் வேடமணிந்து வந்திறங்கின. சின்னக் கிராமங்கள் திணறின. சில பப்கள் சனிக்கிழமைகளில் லாகர் விற்பதையே நிறுத்திப் பார்த்தன. டிரெய்லுக்கு நோட்டோடு வருபவர்கள் இதனால் வார நாட்களுக்கு மாறிவிட்டார்கள். அவர்கள் செய்தது சரி.

பார்க்கப் போகிறவர்களுக்கு

நிலையத்துக்குள் நின்று பார்ப்பதற்குத் தடை இல்லை. மஞ்சள் கோட்டைத் தாண்டக்கூடாது. ஓட்டுநரின் கண்ணைக் கூசச் செய்யும் என்பதால் ஃபிளாஷ் கூடாது. வந்திருப்பதை நிலைய ஊழியரிடம் சொல்லிவிடுவது மரியாதை. குடித்திருந்தால் பிளாட்பார முனைக்குப் போகவே வேண்டாம். ஒரு காலத்தில் கேலிக்கு ஆளான இந்தப் பொழுதுபோக்கில், 2021இல் பிரான்சிஸ் பூர்ஷுவா என்ற இளைஞரின் குறும்படங்கள் டிக்டாக்கில் பரவியபின், இளம் முகங்களும் தென்படுகின்றன.

கையில் ஒரே ஒரு நாள் இருப்பவர் ஸ்டேலிபிரிட்ஜைவிட டான்காஸ்டருக்குப் போகலாம். 'ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்', 'மல்லார்டு' இரண்டும் பிறந்த பட்டறை அந்த ஊரில்தான். லண்டன்–எடின்பரோ விரைவு ரயில்களில் பெரும்பாலானவை அந்த வழியேதான் போகின்றன, சரக்கும் உண்டு. 3பி பிளாட்பாரத்தில், விக்டோரியா காலத்துச் சிற்றுண்டிக் கூடத்தில், 'டிராஃப்ட்ஸ்மன்' என்ற சிறிய பப் 2017இல் திறந்தது. அந்தப் பட்டறையின் வரைபடங்கள் சுவரில் தொங்குகின்றன. ஸ்டேலிபிரிட்ஜில் பப் உசத்தி, டான்காஸ்டரில் ரயில் உசத்தி.